ஒப்புவிக்கும் பிள்ளையும் கேட்கும் வீடும்

2020 மார்ச் 13ஆம் திகதி இலங்கையில் பாடசாலைகள் மூடப்பட்டன. அடுத்த சில வாரங்களில் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளின் பாடம் தாளாகவும் படமாகவும் வீடு வந்து சேரத் தொடங்கியது. வட்ஸ்அப்பில் செயலட்டை வந்தது, தொலைக்காட்சியில் பாடம் வந்தது, இணைய வசதி உள்ளவர்களுக்குக் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளம் இருந்தது. கற்பிட்டிக் குடாநாட்டில் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் புத்தளம் களப்பும் நெருக்கும் மணற்றரையில் இருக்கிற ஆலங்குடா போன்ற ஊருக்கு இது எப்படி வந்து முடியும் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். விடியக் கடலுக்கோ வெங்காயத் தோட்டத்துக்கோ போய் வந்தவர்கள் பின்னேரம் கைபேசித் திரையைப் பார்த்து இரண்டாம் தரத்து ஆசிரியராக மாற வேண்டும். அது முடியாமற் போன இடங்களில், படிப்பறிவில்லாத வீடு பிள்ளைக்கு என்ன செய்துவிடும் என்ற பழைய தீர்ப்பு மீண்டும் எழுந்தது. இந்தத் தீர்ப்பு வரலாற்றுக்குப் பொருந்தாது என்பதே என் வாதம். எழுத்திலும் எண்ணிலும் நம் வீடுகளுக்கு நெடுங்காலமாக ஒரு பங்கு இருந்தது. ஆனால் கற்பித்தல் அந்தப் பங்கில் சேராது. பிள்ளை ஒப்புவிக்க, வீடு இருந்து கேட்கும். அதற்கு வீட்டிலுள்ளவர் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

திண்ணைப் பள்ளிக்கூடம் என்றதும் பிரம்பும் மணலும் சட்டாம்பிள்ளையும் நினைவுக்கு வரும். அதன் பின்னேரப் பகுதியை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. உ.வே.சாமிநாதையர் ‘என் சரித்திர’த்தில் அதைச் சொல்லியிருக்கிறார். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் பிள்ளைகளுக்குப் பூ, பறவை, ஊர் என்று சில பெயர்களைச் சொல்லி அனுப்புவார்கள். மறுநாள் காலையில் அவற்றை மறக்காமல் வந்து சொல்ல வேண்டும். பார்த்தால் விளையாட்டு. ஆனால் இராத்திரி முழுக்க அந்தப் பெயர்களைக் காப்பாற்ற வேண்டிய பிள்ளை அடுப்படியிலும் பாயிலும் யாரிடமாவது சொல்லிச் சொல்லிப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. காலையில் மறந்துவிட்டால் எடுத்துக் கொடுக்கவும் வீட்டில் ஒருவர் வேண்டும். வாத்தியார் வீட்டுக்கு வேலை கொடுத்த விதம் இது. ஏடும் இல்லை, எழுத்தாணியும் இல்லை, தாய்க்குத் தெரியாத எதுவும் அதில் இல்லை.

எண்ணும் இதே வழியில்தான் நடந்தது. கணக்கு வாய்ப்பாட்டு நூலான எண்சுவடி ஏட்டில் எழுதப்பட்டாலும் அது வாழ்ந்தது வாயில். திண்ணைப் பள்ளியின் கணக்கை விரிவாக ஆராய்ந்த செந்தில்பாபு, பொன்னிலக்கம், நெல்லிலக்கம் என்ற இரண்டு வரிசைகள் அந்தப் பாடத்தின் அடித்தளமாக இருந்ததைக் காட்டியிருக்கிறார். முந்நூற்றிருபதில் ஒரு பங்கான முந்திரியிலிருந்து காணி, மா, வீசம், கால், அரை என்று ஏறுவது பொன்னிலக்கம். நெல்லிலக்கம் செவிட்டில் தொடங்கி ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி என்று ஏறிக் கலத்துக்குப் போகும். எட்டு நாழி ஒரு குறுணி, இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். பிள்ளை தடுமாறி மூன்று குறுணி ஒரு பதக்கு என்று சொல்லிவிட்டால், அகரம்கூட எழுதத் தெரியாத பாட்டி அடுப்பை விட்டுத் திரும்பாமலே பிடித்துவிடுவாள். நெல்லை நாழியால் அளந்து கொடுத்தே அவளுக்கு வயது போயிருக்கிறது. பாடத்தின் அலகும் வீட்டின் அலகும் ஒன்றாக இருந்ததால்தான் அவளால் திருத்த முடிந்தது. இந்த ஒற்றுமை எப்போது அறுந்தது என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

கற்பிட்டிக் கரையில் இந்தப் பழக்கம் சமயத்தின் வழியாக வேரூன்றியது. ஒல்லாந்தர் 1659இல் கற்பிட்டியைக் கைப்பற்றி, 1667 முதல் 1676 வரை அங்கே கோட்டை கட்டினார்கள். அவர்களுடைய ஆட்சியில் கோயிற்பற்றுப் பள்ளிக்கூடமே பதிவு அலுவலகம். ஞானஸ்நானமும் திருமணமும் தோம்பு என்ற பள்ளிப் பதிவேட்டில் ஏறினால்தான் சட்டத்தின் கண்ணில் செல்லும். கத்தோலிக்க வழிபாட்டுக்குத் தடை. எனவே கரையோரக் கத்தோலிக்கப் பிள்ளைக்கு இரண்டு படிப்பு: தண்டத்துக்கு அஞ்சிப் பள்ளிக்கூடத்தில் ஒன்று, செபமும் மந்திரமும் வீட்டில் மற்றொன்று. குருவானவரைக் காண்பதே அரிது. யோசேப்பு வாஸ் அடிகள் 1687இல் இலங்கைக்கு வந்த பிறகும், யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதிய பிறகும் அந்த நிலை பெரிதாக மாறவில்லை. அண்ணாவியார் சொல்லிக் கொடுக்க, குடும்பம் அந்திக்குக் கூடிச் சொல்ல, பிள்ளை பிழைத்தால் தாய் நிறுத்தித் திருப்பிச் சொல்ல வைக்க, இப்படித்தான் நீண்ட பாடங்கள் தலைமுறை தாண்டின. தோம்பில் பெயர் இருந்த பள்ளிக்கூடம் ஆட்சியோடு போயிற்று. வீட்டில் கேட்ட செபம் நின்றது.

முஸ்லிம் வீடுகளில் இது இன்னும் தெளிவு. லெப்பையிடம் பலகையில் எழுதி வாங்கி ஓதுவது, அன்றைய பாடம் தேறினால் பலகையைக் கழுவி அடுத்ததை எழுதுவது, மஃரிபு என்ற அந்தித் தொழுகைக்குப் பிறகு வீட்டில் அதையே திரும்ப ஓதுவது. தமிழ் எழுத்து அறியாத உம்மம்மாவுக்கும் ஓசை பிசகியது காதில் பட்டுவிடும். அயல் வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டி ஓதிக் கொடுக்கும் பெண்கள் தமிழ் முஸ்லிம் கரையோரம் எங்கும் இருந்தார்கள். அறபுத் தமிழையும் இங்கே சேர்க்க வேண்டும். அறபு எழுத்தில் எழுதிய தமிழை வாசித்தவர்களில் பெண்கள் கணிசமானவர்கள். குர்ஆன் ஓதப் பழகிய கண்ணுக்கு அதே எழுத்தில் தமிழ் வாசிப்பது ஒரு சிறு தாவல்தான். வாசிப்பு வீட்டுக்குள்ளே நுழைய இப்படி ஒரு வாசல் இருந்தது. அதைக் கணக்கில் எடுக்காமல் அந்த வீடுகளை எழுத்தறியாத வீடுகள் என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது சோம்பல்.

இதெல்லாம் பழம்பெருமை, அப்படி நன்றாக இருந்திருந்தால் ஏன் நாடே எழுதப் படிக்கத் தெரியாமல் கிடந்தது என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இலங்கையில் எழுத்தறிந்த ஆண்கள் நூற்றுக்கு 42, பெண்கள் 8.5. இந்த எண்ணுக்கு முன்னால் திண்ணையையும் ஓதற்பள்ளியையும் பொற்காலமாக்க முடியாது. திண்ணைப் பள்ளி பெரும்பாலும் சில சாதிகளின் ஆண் பிள்ளைகளுக்கானது. ஓதலில் பொருள் விளங்காமலே பக்கம் பக்கமாகப் போகலாம். கற்பிட்டியில் 1807இல் பிறந்து, 1834இல் ஆங்கிலத்தில் இலங்கையின் இடப்பெயர் அகராதியை வெளியிட்ட சைமன் காசிச்செட்டியைக் காட்டிக் கரையின் கல்வியையே உயர்த்திப் பேசுவோர் உண்டு. வசதியுள்ள ஒரு குடும்பத்தின் பிள்ளையை வைத்து மீன்வாடிப் பிள்ளையின் நிலையை அளப்பது ஏமாற்று. முஸ்லிம் சீர்திருத்தவாதி சித்தி லெப்பை 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கி, ஓதலோடு நின்றுவிடும் பிள்ளைகளைப் பற்றித் தம் சமூகத்தோடு வாதாட நேர்ந்ததும் காரணமில்லாமல் இல்லை. எழுத்தறிவை நாட்டுடைமையாக்கியது பாடசாலை. 1869இல் கல்வித் திணைக்களம் அமைந்த பிறகு உதவி நன்கொடைப் பள்ளிகள் பெருகின. 1946இல் எழுத்தறிவு 57.8 விழுக்காடு. 1945இல் வந்த இலவசக் கல்வி அதை மேலும் தள்ளியது. இதில் எதையும் நான் மறுக்கவில்லை.

ஆனால் பாடசாலை வென்ற விதத்தில் வீடு தோற்றது, அதைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. இரண்டு இடங்களைச் சொல்லலாம். ஒன்று, பரீட்சை. உதவி நன்கொடை பெறும் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளின் வாசிப்பு, எழுத்து, கணக்குத் தேர்ச்சியைப் பொறுத்துப் பணம் வரும் முறை வந்ததும், ஒப்புவித்தலைக் கேட்கும் அதிகாரம் பரிசோதகரிடம் போயிற்று. வாத்தியார் அவருக்காகப் பிள்ளையைத் தயாரித்தார். இரண்டாவது, அலகு. 1872 ஜனவரி 1 முதல் இலங்கையில் ரூபாவும் சதமும் வந்தன. பிரித்தானியக் குடியேற்ற நாடுகளில் தசம நாணயத்துக்கு முதலில் மாறியவற்றில் இலங்கையும் ஒன்று என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பெருமையின் மறுபக்கம், முந்திரியும் காணியும் பாடப் புத்தகத்திலிருந்து இறங்கியதும் பாட்டியின் திருத்தும் தகுதியும் கூடவே இறங்கியதுதான். அவள் கணக்கில் மட்டமாகிவிடவில்லை. அவளுக்குத் தெரிந்த கணக்குக்குப் பாடத்தில் இடம் இல்லாமற் போயிற்று.

இது வெறும் ஏக்கப் பேச்சா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. பிரேசிலின் ரெசிஃபெ நகரத்தில் தெருவில் பொருள் விற்ற ஐந்து பிள்ளைகளிடம் ஆய்வாளர்களான கராஹர் தம்பதியும் ஷ்லீமானும் செய்த ஆய்வு 1985இல் வெளிவந்தது. விற்பனையின் நடுவே கேட்ட கணக்குகளில் பிள்ளைகள் 98 விழுக்காடு சரியாகச் சொன்னார்கள். அதே கணக்கைத் தாளில் குறியீட்டோடு கொடுத்தபோது 37 விழுக்காடு. கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் விற்கும் பிள்ளைகளிடமும் இதே இடைவெளி இருப்பதை 2025இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. பாடசாலைக் கணக்கில் தேறிய பிள்ளைகள் சந்தைக் கணக்கில் திணறியதையும் அது சொன்னது. ஆக, கடையிலும் கரையிலும் கணக்குப் பழகினால் பாடம் தானாக வரும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. வெங்காயம் நிறுக்கிற வாப்பாவோடு பிள்ளையை அனுப்பிவிட்டு அதையே எண் செயற்பாடு என்று எழுதிக்கொள்வது போதாது. இரண்டு கணக்குக்கும் நடுவே பாலம் வேண்டும். எண்சுவடியின் சிறப்பு அது மனப்பாடம் என்பதில் இல்லை. சந்தையில் புழங்கிய அளவுகளையே வரிசையாக்கி எழுத்துக்குக் கொண்டுவந்தது என்பதில்தான்.

வீடே இல்லாதபோது வீடு எப்படிக் கேட்கும் என்று வினவினால், இந்தக் குடாநாட்டிலேயே விடை இருக்கிறது. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறக்குறைய 75,000 பேர். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னாரிலிருந்து பலர் வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். ஆலங்குடாவும் அவர்களைத் தாங்கிய ஊர்களில் ஒன்று. கிடுகுக் கொட்டில்களில் வெளியேற்றப்பட்டவர்களின் பிள்ளைகள். புத்தகம், கொப்பி, சான்றிதழ், இடாப்பு எல்லாம் விட்டு வந்த வீடுகளோடு போயின. புத்தளத்துப் பாடசாலைகளில் ஏற்கெனவே இடம் குறைவு. மன்னாரின் எருக்கலம்பிட்டிப் பாடசாலைபோல ஊரின் பெயரையே தூக்கிக்கொண்டு வந்து நாகவில்லில் நிலைகொண்டவையும் உண்டு. கொட்டில் வீட்டில் பலகையோ மேசையோ கிடையாது. அங்கே மீதமிருந்தது வாய்ப்பாடும் ஓதலும் பாட்டும், அதாவது கையில் எதுவும் இல்லாமல் ஒருவர் சொல்ல ஒருவர் கேட்கக் கூடியவை. இடப்பெயர்வை வாழ்த்துவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகள் இழந்த ஆண்டுகளை எந்த வாய்ப்பாடும் ஈடுசெய்யாது. எல்லாம் பறிபோன இடத்திலும் வீட்டிடம் எது மிஞ்சுகிறது என்பதை அந்த ஆண்டுகள் காட்டின என்பதற்காகவே சொல்கிறேன்.

இன்றைய செயலட்டைக்கு வருவோம். அதை எழுதுகிறவர் மனத்தில் ஒரு வாசிக்கும் பெற்றோர் இருக்கிறார். “பெற்றோர் கீழுள்ள பந்தியை வாசித்துக் காட்டி வினாக்களைக் கேட்கவும்” என்ற வகை அறிவுறுத்தல் அந்தப் பெற்றோருக்கானது. வாசிக்கத் தயங்கும் தாய் அதைக் கண்டதும் மூத்த மகளிடம் தள்ளிவிடுவாள், மகளுக்கு வேறு வேலை இருந்தால் அட்டை அப்படியே கிடக்கும். அதே பந்தியைப் பிள்ளை வகுப்பில் வாசித்துப் பழகி, வீட்டில் உம்மாவுக்கு வாசித்துக் காட்டி, கதையில் என்ன நடந்தது என்று உம்மா தன் சொல்லில் திருப்பிச் சொல்ல, சரியா பிழையா என்று பிள்ளை தீர்மானிக்கலாம். அன்று கரையில் ஏலம் போன மீனின் விலையை வாப்பா வாயாற் சொல்ல, பிள்ளை அதை ரூபாக் கணக்காகக் கொப்பியில் எழுதி மறுநாள் கொண்டு போகலாம். முதலாவதில் பொருள் விளங்காத ஒப்புவித்தல் என்ற பழைய குறை தீர்கிறது. இரண்டாவதில் சந்தைக்கும் தாளுக்கும் நடுவேயுள்ள பாலத்தைப் பிள்ளையின் கையே கட்டுகிறது. கல்வி அமைச்சின் ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் 1999இல் நாடு முழுக்க வந்தபோதே செயற்பாட்டுக்கு முதலிடம் கொடுத்தது. வீட்டுக்குப் போகும் செயற்பாடு மட்டும் தாளிலேயே தங்கிவிட்டது.

பெற்றோருக்கு நேரம் ஏது என்பது எஞ்சும் மறுப்பு. கரைவலை இழுப்பவர் இரவு எட்டு மணிக்குப் பிள்ளையின் வாசிப்பைக் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா? பல நாள் முடியாது. பழைய வீட்டிலும் கேட்டவர் தகப்பன் என்று இல்லை, பாட்டியோ அக்காவோ அடுத்த வளவுப் பெண்ணோதான். தமிழ்நாடு 2021 ஒக்ரோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ தன்னார்வலர்களை மாலையில் தெருவுக்கே அனுப்பியதற்குக் காரணமும் இதுதான்: கேட்கும் ஆளை அரசு தேடிக் கொடுத்தது. கற்பிட்டியில் அந்த ஆள் ஏற்கெனவே மஃரிபுக்குப் பிறகு ஓதிக் கொடுக்கும் வீட்டிலும் அந்திச் செபம் சொல்லும் வீட்டிலும் இருக்கிறார். மூன்றாம் தரம்வரை அவர் கேட்டால் போதும். நான்காம் தரத்திலிருந்து பின்னமும் கட்டுரையும் பெருகும், தரம் ஐந்தின் புலமைப்பரிசில் பரீட்சை எதிரே நிற்கும். அங்கே வீட்டின் காது போதாது, அது ஆசிரியரின் வேலை. அதையும் வீட்டின் தலையில் கட்டுவதாக இருந்தால், 2020இல் சொன்ன அதே தீர்ப்பை மறுபடி எழுதிவைக்க வேண்டியதுதான்.