நால்வர் எழுப்பிய நீர்ப்படி

ஓடம் மேட்டில் ஏறுமோ? ஏறும், தோழர்களே! இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், பிங்லி எனும் சிற்றூரில், லீட்ஸ்-லிவர்பூல் கால்வாயிலே 1774 முதல் ஏறிக்கொண்டிருக்கிறது!

மந்திரமல்ல, மதிநுட்பம். ஐந்து கல்தொட்டிகள் படிக்கட்டெனத் தொடர்கின்றன. ஒன்றன் மேற்கதவே அடுத்ததன் கீழ்க்கதவு. மேல்தொட்டி நீரைக் கீழ்த்தொட்டியில் பாய்ச்ச, நீரோடு படகும் உயரும். ஏறத்தாழ 18 மீட்டர்! இரட்டைக் கதவுகள் நீர் அழுத்தும் திசைநோக்கிக் கூராகச் சேர்வதால், அவ்வழுத்தமே தாழ்ப்பாளாகிறது. தண்ணீரைக் கொண்டே தண்ணீரைப் பூட்டிய திறத்தை என்னென்பது!

மரக்கதவுகள் உளுத்துப்போகும், மாற்றியாக வேண்டும். 2012-இல் அப்பணி நடந்தபோது, நீரை வடித்த தொட்டிகளைக் காணப் பொதுமக்களையும் அழைத்தனர். நீர் மறைத்திருந்த கற்சுவர் அன்று கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டு நூற்றாண்டுகளைக் கடந்த சுவர்!

எழுப்பியவர் எவர்? திட்டம் தீட்டிய பொறியாளர் ஜான் லாங்பாதம் என்று ஏடு கூறும். கல் சுமந்து அடுக்கிய கரங்களை ஏடுகள் மறப்பதே வழக்கம். இங்கோ, விந்தை! அவர்தம் பெயர்களும் எஞ்சியுள்ளன: பர்னபஸ் மார்வில், ஜொனாதன் ஃபாரர், வில்லியம் வைல்ட், ஜான் சக்டன். நால்வரும் அவ்வட்டாரத்துக் கல்தச்சர்கள்.

அரசர் பட்டியலை நாள்தோறும் ஒப்புவிக்கச் செய்யும் நான், அப்பெயர்களைக் கரும்பலகையில் எழுதினேன்.

"இவர்கள் எந்த நாட்டு மன்னர்கள், ஐயா?" என்றான் ஒரு மாணவன்.