விக்டோரியா ஸ்திரீட் சிறுவாயிலும் மனித மாண்பும்

மலாயா, சிங்கப்பூர் ஆகியவற்றின் கல்வி வரலாற்றை எழுதுவோர் கத்தோலிக்கப் பள்ளிகளைப் பெரும்பாலும் ஆங்கிலக் கல்வி பரவிய களங்களாகவே காண்பர். அது தவறன்று, ஆயினும் முழுமையானதன்று. மனித மாண்பு என்னும் விழுமியம் அப்பள்ளிகளில் எவ்வாறு செயல்வடிவம் பெற்றது என்பதும் ஆராயத்தக்கது. சிங்கப்பூர் விக்டோரியா ஸ்திரீட்டில் இயங்கிய குழந்தை இயேசு கன்னியர் மடப் பள்ளியை அதற்குச் சான்றாகக் கொள்கிறோம்.

17ஆம் நூற்றாண்டுப் பிரான்சில், ரூவான் நகரில், ஏழைச் சிறுமியர்க்கென நிக்கோலா பாரே என்னும் துறவி தொடங்கிய இலவசப் பள்ளிகளே இச்சபையின் தோற்றுவாய். சபையினர் 1852இல் பினாங்கு வந்தனர். அருட்தந்தை ழான் மரி பெரேல் சிங்கப்பூரில் கால்டுவெல் இல்லத்தை வாங்கித் தர, அன்னை மத்தில்டு ராக்லோவும் மூன்று சகோதரியரும் 1854 பிப்ரவரியில் அங்குக் குடியேறினர். (ஒப்பிலக்கண ஆசிரியரை இங்கு நினைக்க வேண்டா, இவ்வில்லத்துக்குரியவர் நீதிபதிகளின் எழுத்தராக இருந்த வேறொரு கால்டுவெல்.)

அவ்வாண்டு சீனர் கணக்கில் புலி ஆண்டு. அவ்வாண்டிற் பிறக்கும் பெண் குடும்பத்துக்குக் கேடு என்னும் நம்பிக்கை அக்காலத்தில் நிலவியது. அதனோடு வறுமையும் சேர, பெண் சிசுக்கள் கைவிடப்பட்டன. பின்னாளில் 'நம்பிக்கை வாயில்' எனப் பெயர்பெற்ற மடத்தின் சிறுவாயிலில் அவர்கள் விடப்பட்டனர். சகோதரியர் இனம் நோக்காது அவர்களை ஏற்றனர். நோயுற்ற நிலையில் வந்த பலர் பிழைக்கவில்லை. குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளித்ததைக் குறைகூறுவோர் உளர். அக்குறையைப் புறக்கணித்தல் ஆகாது. எனினும் யாரும் வேண்டா என விட்ட உயிர் ஒன்றுக்குப் பெயரும் உணவும் எழுத்தறிவும் கிடைத்தமை சிறிய செய்தியன்று.

இதன் மறுபுறமும் உண்டு. தொடக்கத்திலேயே கட்டணம் செலுத்துவோர்க்கு ஒன்றும் ஆதரவற்றோர்க்கு ஒன்றுமாக இரு வகுப்புகள் அமைந்தன. ஆதரவற்ற சிறுமியர் தைத்த பூவேலைத் துணிகள் விற்கப்பட்டு மடத்துக்கு வருவாயாயின. கட்டணப் பணமின்றி அநாதை இல்லம் நடந்திராது என்பது மெய்யே. ஆயின் வாயிலில் காணப்பட்ட சமத்துவம் வகுப்பறை வரை செல்லவில்லை என்றே கருதுகிறோம்.

இனம், நிலை, வயது எவையாயினும், மனிதர் என்னும் மாண்பினாலேயே அனைவர்க்கும் கல்வியுரிமை உண்டு என இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் கல்வி அறிக்கை கூறுவது 1965இல்தான். அக்கருத்தை அப்படியே 1854க்கு ஏற்றிப் படிப்பது வரலாற்று முறைக்குப் பொருந்தாது. சகோதரியர் அறிந்திருந்த சொல் 'இரக்கம்', 'உரிமை' அன்று. இரக்கம் பெறுபவர் கொடுப்பவர்க்குக் கடன்பட்டவர் ஆகிறார். உரிமையில் அக்கடன் இல்லை. இரு வகுப்புகளின் பிரிவு அவர்களுக்கு முரணாகத் தோன்றாமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

பள்ளி 1983இல் தோ பாயோவுக்கு இடம்பெயர்ந்தது. கால்டுவெல் இல்லமும் சிற்றாலயமும் 1990இல் தேசிய நினைவுச் சின்னங்களாயின. வளாகம் இன்று உணவகங்களால் நிறைந்துள்ளது; சிறுவாயில் விக்டோரியா ஸ்திரீட் மதிலில் இன்றும் உள்ளது.