மொண்டிசெல்லோ: மாளிகையும் மக்களும்

பெருந்தோட்ட மாளிகைகளைப் பற்றி எழுதுவோர் தூண்களையும் கூரைகளையும் வியந்து பேசுவர். அவற்றை எழுப்பிய கரங்களைப் பெரும்பாலும் மறந்துவிடுவர். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் குன்றொன்றின் உச்சியில் நிற்கும் மொண்டிசெல்லோவை, மறக்கப்பட்ட அக்கரங்களின் பக்கம் நின்று நோக்குவோம்.

புகையிலையும் பின்னர் கோதுமையும் விளைந்த 5,000 ஏக்கர் தோட்டத்தின் உரிமையாளரான தோமஸ் ஜெபர்சன், இம்மாளிகையைத் தாமே வரைந்து 1769 இல் கட்டத் தொடங்கினார். இத்தாலியக் கட்டடக் கலைஞர் பல்லாடியோவின் நூல் அவருக்கு வழிகாட்டியது. 1796 இல் தொடங்கிய திருத்த வேலைகள் 1809 வரை நீடித்தன. செங்கற் சுவர்களும் வெண்தூண்களும் எண்கோணக் குவிமாடமும் இசைந்து நிற்கும் அழகை எவரும் மறுக்கவொண்ணாது.

மனிதர் யாவரும் சமமென 1776 இல் பிரகடனம் வரைந்தவரும் இவரே. ஆயினும் தம் வாழ்நாளில் 600 பேருக்கு மேற்பட்டோரை அவர் அடிமைகளாக வைத்திருந்தார். செங்கல் அறுத்தவர்களும் மரம் இழைத்தவர்களும் அவர்களே. ஆணிப் பட்டறையில் 10 முதல் 16 வயதுவரையான சிறுவர்கள் உழைத்தனர்.

இம்முரண்பாடு மாளிகையின் அமைப்பிலேயே பதிந்துள்ளது. சமையலறை மேடைத்தளத்தின் கீழே ஒதுக்கப்பட்டு, நிலத்தடி வழியொன்றினால் மாளிகையோடு இணைக்கப்பட்டது. சாப்பாட்டறையின் கணப்படுப்போரம் மறைந்திருந்த சிறு தூக்கிகள் வைன் போத்தல்களை மேலே கொணர்ந்தன. தட்டுகள் பொருத்திய சுழற்கதவு உணவை உள்ளே தந்தது. சமைத்தவரையும் சுமந்தவரையும் அதிகம் காணாமலே விருந்தினர் உண்டு உரையாடினர்.

கீழே சமைத்தவர்களின் தலைவி ஈடித் பொசெற். அவர் கணவர் ஜோ தோட்டத்துக் கொல்லர். 1826 இல் ஜெபர்சன் பெருங்கடனோடு இறந்தபோது, அவருடைய உயில் ஐவருக்கு மட்டுமே விடுதலை அளித்தது. ஜோ அவர்களுள் ஒருவர். ஆனால் 1827 ஜனவரியில் தளபாடங்களோடு 130 பேர் ஏலத்துக்கு விடப்பட்டனர். ஈடித்தும் பிள்ளைகளும் வெவ்வேறு கைகளுக்கு விற்கப்பட்டனர். உறவினர் துணையோடு மனைவியை மீட்ட ஜோவினால் பிள்ளைகள் எல்லோரையும் மீட்க முடியவில்லை.

1987 இல் மொண்டிசெல்லோ உலக மரபுரிமைச் சின்னமாயிற்று. 1993 முதல் அடிமைகளின் சந்ததியாரிடமிருந்து வாய்மொழி வரலாறு திரட்டப்பட்டு வந்துள்ளது. அவர்களின் குடிசைகளுட் சில மீளக் கட்டப்பட்டுள்ளன. பிந்தி வந்ததாயினும் இது வரவேற்கத்தக்க மாற்றமே. மாளிகையொன்றின் வரலாற்றை மாணவருக்கு எடுத்துரைக்கையில், அதன் முகப்பிலிருந்தன்றிச் சமையலறையிலிருந்து நாம் தொடங்குவோமாக!