சம்பளப் பட்டியலுக்கு யார் இருப்பாய்வு போடுவது?

பி.காம். முதலாம் ஆண்டில் எல்லோருக்கும் ஒரு அதிர்ச்சி காத்திருக்கும். இருப்பாய்வு வந்துவிட்டது, பற்றும் வரவும் பைசா சுத்தமாக டேலி ஆகிவிட்டது என்று மூச்சுவிடும் நேரத்தில் "இருப்பாய்வு காட்டிக்கொடுக்காத பிழைகள்" என்று அடுத்த பாடம் வந்து நிற்கும். விடு பிழை, விதிப் பிழை, ஈடுசெய் பிழை... லூகா பச்சோலி 1494-இல் வெனிஸில் இரட்டைப் பதிவு முறையை அச்சில் விளக்கிய காலத்திலிருந்தே கணக்கைச் சரிபார்க்க ஏதோ ஒரு வழி இருந்து வருகிறது, அந்த வழியில் ஓட்டைகளும் இருக்கின்றன. சரி, கணக்கை எழுதுவதே மென்பொருள் என்று ஆன பிறகு அந்த மென்பொருளை யார் சரிபார்ப்பது? இந்தக் கேள்விக்கு உருப்படியான பதில் கிடைக்க ஏறக்குறைய ஐம்பது வருடம் ஆனது.

வணிகத்துக்குக் கணினி வந்த கதை ஒரு டீக்கடைக் கம்பெனியில் தொடங்குகிறது. இங்கிலாந்தின் லயன்ஸ் நிறுவனம் ஊரெங்கும் தேநீர்க் கடைகளும் பெரிய பேக்கரிகளும் நடத்தி வந்தது. அவர்களே சொந்தமாக லியோ என்ற கணினியைக் கட்டி 1951-இல் பேக்கரிக் கணக்கை அதில் ஓட்டினார்கள். 1954-இல் ஊழியர் சம்பளமும் அதில் ஏறியது. சம்பளம் என்பது விளையாட்டில்லையே, வெள்ளிக்கிழமை கவரில் பத்து ஷில்லிங் குறைந்தால் தொழிற்சங்கம் சனிக்கிழமை வாசலில் நிற்கும். அதனால் அந்தக் காலத்தில் எல்லோரும் நம்பிய சோதனை முறை ஒன்றுதான். பழைய முறையில் குமாஸ்தாக்களும் ஒரு பக்கம் கணக்குப் போடுவார்கள், புதிய முறையில் இயந்திரமும் போடும், இரண்டையும் ஒப்பிடுவார்கள். இணை ஓட்டம் என்று சொல்லலாம்.

நல்ல முறைதான். ஆனால் ஒரு தடவைக்குத்தான் சரிப்படும். அடுத்த வருடம் வரி விகிதம் மாறுகிறது, ஓவர்டைம் விதி மாறுகிறது. நிரலில் நான்கு வரியை மாற்றினால், அந்த மாற்றம் சம்பந்தமே இல்லாத வேறொரு இடத்தை உடைத்திருக்காது என்பதற்கு என்ன உத்தரவாதம்? அதற்குள் குமாஸ்தாக்கள் வேலையை விட்டுப் போயிருப்பார்கள்.

இந்தச் சிக்கலின் நடுவில் பிறந்ததுதான் இன்றைய தானியங்கிச் சோதனை. பிறந்த இடம் அமெரிக்காவின் கிரைஸ்லர் கார் கம்பெனி, அங்கும் சம்பளப் பட்டியல்தான்! ஏறத்தாழ 87,000 ஊழியர்களின் ஊதியத்தை ஒரே அமைப்பில் கொண்டுவர வேண்டும் என்று 1990களின் நடுவில் 'சி3' என்ற திட்டத்தை ஆரம்பித்தார்கள். மொழி ஸ்மால்டாக். வருடங்கள் ஓடின, சம்பளம் மட்டும் வரவில்லை. நிரல் மெதுவாக ஓடுகிறது, வேகத்தைக் கூட்டித் தாருங்கள் என்று 1996-இல் கென்ட் பெக் என்பவரை அழைத்தார்கள். வந்து பார்த்தால் பிரச்சினை வேகமே இல்லை. விடையே சரியாக வரவில்லை. எழுதியதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குவதென்று முடிவானது.

பெக்கின் கையில் அதற்கு முன்பே ஒரு சின்னக் கருவி இருந்தது. எஸ்யூனிட் என்று பெயர். அதன் தத்துவம் ரொம்ப எளிது. ஒரு நிரலைச் சோதிக்க இன்னொரு குட்டி நிரல் எழுது. இந்த ஊழியருக்கு இத்தனை மணி நேரம், இந்த விகிதம், விடை இவ்வளவு வர வேண்டும் என்று முன்கூட்டியே அதில் எழுதி வை. வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு. அந்தக் குட்டி நிரல்களைக் கடாசிவிடாமல் சேர்த்து வைத்து, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் எல்லாவற்றையும் திரும்ப ஓட்ட வேண்டும். சி3 குழுவில் எல்லாச் சோதனையும் தேறினால்தான் புது நிரல் உள்ளே போகும் என்பது சட்டம். குமாஸ்தாக்களின் இணை ஓட்டத்தைப் பொத்தானுக்குள் அடக்கியது போலத்தான் இது. 1997-இல் சி3 முதல் சுமார் 10,000 பேருக்குச் சம்பளம் போட்டது.

அதே 1997-இல் கென்ட் பெக்கும் ஸ்விட்சர்லாந்துக்காரர் எரிக் காமாவும் ஒரு மாநாட்டுக்காக ஜூரிக்கிலிருந்து அட்லாண்டாவுக்கு விமானத்தில் போகிறார்கள். வழியில் பொழுது போகாமல் எஸ்யூனிட்டை ஜாவா மொழிக்கு மாற்றி எழுதுகிறார்கள். அதுதான் ஜேயூனிட். சி3 திட்டம் எல்லா ஊழியரையும் எட்டாமலேயே 2000-இல் கைவிடப்பட்டது. அதில் பழக்கப்பட்ட சோதனை முறை மட்டும் உலகம் முழுக்கப் போய்விட்டது.

வணிக மென்பொருள்கள் மட்டும் இதில் ரொம்பத் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தன. 1972-இல் தொடங்கிய எஸ்.ஏ.பி. நிறுவனத்தின் அபாப் மொழிக்கு இந்த வகைச் சோதனை வசதி 2004-இல்தான் வந்தது. டென்மார்க்கில் 1984-இல் மூன்று பேர் ஆரம்பித்த கம்பெனியின் தயாரிப்பு நேவிஷன். 2002-இல் மைக்ரோசாப்ட் அதை வாங்கியது. அதற்கு வசதி வந்தது 2009-இல்! கணக்குத் தப்பினால் நேரடியாகப் பணம் போகும் துறையில் ஏன் இந்தத் தாமதம்? சோம்பேறித்தனம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஒரு கால்குலேட்டர் நிரலைச் சோதிப்பது சுலபம், 2-ம் 2-ம் கொடு, 4 வருகிறதா பார். ஒரு இன்வாய்ஸை 'போஸ்ட்' செய்வதைச் சோதிக்க வேண்டுமானால் முதலில் ஒரு வாடிக்கையாளர் வேண்டும், ஒரு சரக்கு வேண்டும், வரிக் குழு, எண் தொடர், நிதியாண்டு எல்லாம் வேண்டும். போஸ்ட் ஆனதும் பேரேட்டில் பதிவு விழுந்துவிடும். பேரேட்டில் விழுந்ததை அழிக்கக்கூடாது, எதிர்ப்பதிவுதான் போட வேண்டும் என்பது கணக்கியலின் அடிப்படை. அப்படியானால் ஆயிரம் சோதனை ஓட்டினால் ஆயிரம் பொய் இன்வாய்ஸ் தங்கிவிடுமே?

நேவிஷன்காரர்கள் இதற்குக் கண்ட வழி அழகானது. சோதனைகளை ஓட்டுவதற்கென்றே தனியாக ஒரு நிரல் உண்டு. அது சோதனை முடிந்ததும் தரவுத்தளத்தையே பழைய நிலைக்குத் திருப்பிவிடும். "நிச்சயமாக போஸ்ட் செய்யவா?" என்று திரை கேட்டால் மனிதனுக்குப் பதில் 'ஆம்' சொல்லவும் ஒரு குட்டி நிரல் உண்டு. இன்னொன்றும் உண்டு: ஒரு செயல் பிழைச்செய்தி தந்தால்தான் தேர்ச்சி என்று எழுதலாம். மூடிய நிதியாண்டில் பதிவு போட முயன்றால் மென்பொருள் தடுக்க வேண்டும், தடுக்காவிட்டால் சிவப்பு.

சேல்ஸ்ஃபோர்ஸ் கதை வேறு. 2006-இல் அறிவித்த தன் ஏபெக்ஸ் மொழிக்கு அது ஒரு கட்டாய விதியே போட்டது. எழுதிய நிரல் வரிகளில் குறைந்தது 75 சதவீதமாவது சோதனையில் ஓடியிருந்தால்தான் உண்மையான பயன்பாட்டுக்கு ஏற்ற முடியும். பல்கலைக்கழக வருகைப் பதிவு ஞாபகம் வருகிறதா? :) அங்கே நடக்கும் கூத்து இங்கேயும் நடந்தது. வரிகளை ஓட்டிவிட்டு, விடை சரியா என்று கேட்கவே கேட்காத சோதனைகளை எழுதி 75-ஐத் தொட்டவர்கள் ஏராளம். சுத்தமான ப்ராக்ஸி அட்டெண்டன்ஸ்!

சிரிப்பதற்கு இல்லாத இடமும் உண்டு. பிரிட்டன் அஞ்சல் துறை 1999 முதல் ஃபுஜிட்சுவின் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளைத் தன் கிளைகளில் நிறுவியது. கணக்கில் பணம் குறைந்தால் கிளையை நடத்துபவர்தான் கைக்காசு போட வேண்டும் என்பது ஒப்பந்தம். குறைந்துகொண்டே இருந்தது. கணினி தப்பாது என்ற நம்பிக்கையில் திருட்டு, பொய்க்கணக்கு என்று வழக்குப் போட்டார்கள். 900-க்கும் அதிகமானோர் தண்டிக்கப்பட்டார்கள், சிலர் சிறைக்கே போனார்கள், சிலர் தற்கொலை செய்துகொண்டார்கள். கணினி ஒழுங்காக வேலை செய்தது என்று நிரூபிக்கும் பொறுப்பை வழக்குப் போடுபவர் மேல் வைத்திருந்த பழைய சட்டப்பிரிவையும் 1999-லேயே நீக்கிவிட்டிருந்தார்கள்! மென்பொருளில் வழுக்கள் இருந்தன என்று 2019-இல் உயர் நீதிமன்றம் சொன்னது. 2024-இல் தனிச் சட்டம் போட்டுத் தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்தார்கள்.

2015-இல் ஸ்காட்லாந்தின் டால்மெலிங்டன் கிளையில் நடந்தது இது. 8,000 பவுண்டை வேறிடத்துக்கு மாற்றும்போது திரை உறைந்துவிட்டது. பொத்தானை மறுபடி மறுபடி அழுத்தியதில் நான்கு முறை பதிவாகி 24,000 பவுண்டு வித்தியாசம் வந்தது. இதே வழு அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் வேறு பல இடங்களிலும் தலைகாட்டியிருந்தது பிறகு தெரிந்தது. சோதனை எழுதாதது மட்டுமே அந்தக் கொடுமைக்குக் காரணம் என்றால் அது தவறு, தெரிந்தே மறைத்தவர்களின் பங்குதான் பெரிது. இருந்தாலும் 'பொத்தானை இரண்டு முறை அழுத்து, ஒரு பதிவுதான் விழ வேண்டும்' என்பது பத்து வரியில் எழுதக்கூடிய சோதனை.

நேவிஷன் 2018-இல் பிசினஸ் சென்ட்ரல் என்று பெயர் மாறி மேகத்துக்குப் போனது. இப்போது ஏப்ரலிலும் அக்டோபரிலும் பெரிய புதுப்பிப்பு வருகிறது, கொஞ்சம் தள்ளிப்போடலாமே தவிர வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்த காலத்தில் நான்கு பேர் உட்கார்ந்து கையால் சோதித்தார்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அது நடக்காது. அதனால் இப்போது தொடங்குபவர்களும் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் சோதனை எழுத உட்காருவதில்லை. போன மாதம் வாடிக்கையாளர் போன் பண்ணித் திட்டிய வழு எது என்று பார்க்கிறார்கள். அதைத் திருத்துவதற்கு முன், அது சிவப்பாகத் தெரியும்படி ஒரு சோதனை எழுதுகிறார்கள்.