ஆறு சோத்கா நிலம்: ரஷ்யர்களின் விடுமுறை எங்கே போனது?

மே மாதம் முதல் வாரம், மாஸ்கோவிலிருந்து கிளம்பும் ஒரு புறநகர் மின்சார ரயிலில் ஏறிக்கொண்டதாக வைத்துக்கொள்ளுங்கள். மே 1 உழைப்பாளர் தினம், மே 9 வெற்றி தினம். நடுவில் நாலைந்து நாள் லீவு போட்டால் சேர்ந்தாற்போல ஒன்பது நாள் கிடைத்துவிடும். பெட்டி முழுக்க விடுமுறைக்குப் போகிறவர்கள்தான். ஆனால் யார் தோளிலும் கேமரா இல்லை. ஒருவர் கையில் சாக்குத்துணி சுற்றிய மண்வெட்டி. ஒரு பாட்டியின் மடியில் வெட்டிய பால் அட்டைப்பெட்டிகள், அதில் ஜாணளவு தக்காளி நாற்று. இருக்கைக்கு அடியில் விதை உருளைக்கிழங்கு மூட்டை. எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்தான்: "தாச்சாவுக்கு."

ஓய்வெடுக்கப் போகிற இடத்துக்கு எதற்கு மண்வெட்டி? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் முந்நூறு வருட ரஷ்ய வரலாற்றைக் கடந்து வந்துவிடலாம்.

கொடுக்கப்பட்ட நிலம்

தாச்சா என்ற சொல் "கொடு" என்று பொருள்படும் ரஷ்ய வினைச்சொல்லிலிருந்து வந்தது. கொடுக்கப்பட்டது எதுவோ அது தாச்சா. நம்ம ஊர் மானியம், இனாம் மாதிரி. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகா பீட்டர் தன் புதிய தலைநகரான செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கை எழுப்பியபோது, பீட்டர்ஹாஃப் அரண்மனைக்குப் போகும் சாலையோரமாகப் பிரபுக்களுக்கு நிலம் பிரித்துக் கொடுத்தார். கோடைகாலத்திலும் அவர்கள் தன் கண்ணுக்கு எட்டிய தூரத்திலேயே இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. ஆக, நிலத்தோடு ஒரு எதிர்பார்ப்பும் சேர்ந்தே வந்தது. கொடுக்கிறவர் சும்மா கொடுப்பதில்லை என்பது தாச்சாவின் முதல் நாளிலிருந்தே தொடரும் கதை.

19ஆம் நூற்றாண்டில் ரயில் வந்தது. நகரத்து டாக்டர், வக்கீல், குமாஸ்தா எல்லோரும் கோடைக்கு ஒரு மரவீட்டை வாடகைக்கு எடுக்க ஆரம்பித்தார்கள். மனைவி மக்கள் தாச்சாவில் இருப்பார்கள். கணவன் நகரத்தில் வேலை முடித்து, வீட்டார் சொல்லிவிட்ட சாமான்களையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டு, மாலை ரயிலில் வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்வான். இந்தப் பரிதாபத்தை வைத்தே அன்டன் செகாவ் 1889இல் ஓர் ஓரங்க நாடகம் எழுதினார்.

அவருடைய கடைசி நாடகமான 'செர்ரித் தோட்டம்' 1904இல் மேடையேறியது. கடனில் மூழ்கிய ஒரு பிரபுக் குடும்பம். அந்தப் பண்ணையில் அடிமைகளாக இருந்தவர்களின் வம்சத்தில் வந்த வியாபாரி லோபாஹின் அவர்களுக்கு ஒரு யோசனை சொல்கிறான்: மரங்களை வெட்டி, தோட்டத்தை மனை மனையாகப் பிரித்து, தாச்சாக்காரர்களுக்கு வாடகைக்கு விடுங்கள். கூடவே இன்னொன்றும் சொல்கிறான். இப்போதைக்குத் தாச்சாக்காரன் பால்கனியில் உட்கார்ந்து தேநீர்தான் குடிக்கிறான். ஒருநாள் அவனே தன் துண்டு நிலத்தில் விவசாயம் செய்ய இறங்கினாலும் இறங்குவான் என்று. நாடகத்தில் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஆனால் அடுத்த அரை நூற்றாண்டில் அது அப்படியே நடந்தது. எந்த நிலைமையில் நடந்தது என்பதுதான் லோபாஹின் கற்பனைக்கு எட்டாதது.

இரண்டு விதமான ஓய்வு

1917 புரட்சிக்குப் பிறகு நிலம் அரசுடைமையானது. பெரிய மாளிகைகள் பறிமுதலாயின. 1920 டிசம்பரில், கிரிமியாவின் மாளிகைகளை உழைக்கும் மக்களின் சிகிச்சைக்குப் பயன்படுத்த வேண்டும் என்று லெனின் ஆணையிட்டார். 1925இல் ஜார் மன்னர்களின் லிவாடியா அரண்மனை விவசாயிகளுக்கான சானடோரியமாக மாறியது. 1936 அரசியல் சட்டம் ஓய்வு பெறும் உரிமையை எழுத்திலேயே உறுதி செய்தது. அன்றைய உலகில் இது சின்ன விஷயமில்லை.

ஆனால் அந்த ஓய்வுக்கும் ஒரு சீட்டு வேண்டும். புத்யோவ்கா என்று பெயர். தொழிற்சங்கம் வழியாகக் கிடைக்கும். எந்த ஊர், எந்தத் தேதி, எந்த சானடோரியம் எல்லாம் அதில் எழுதியிருக்கும். பெரும்பாலும் ஒரு ஆளுக்கு ஒரு சீட்டு. கணவன் ஒரு மாதம், மனைவி வேறொரு மாதம் என்று தனித்தனியாகப் போனவர்கள் ஏராளம். அங்கே காலையில் உடற்பயிற்சி, நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம். ஆரம்ப காலத்தில் வந்தபோதும் போகும்போதும் எடை பார்ப்பார்கள். நாலு கிலோ கூடியிருந்தால் ஓய்வு நன்றாக நடந்திருக்கிறது என்று அர்த்தம். இயந்திரத்துக்கு எண்ணெய் விடுகிற மாதிரிதான். தொழிலாளி பழுது நீங்கி மறுபடி ஆலைக்குத் திரும்ப வேண்டும்.

தாச்சாக்களும் இருந்தன, மேலே இருந்தவர்களுக்கு. மாஸ்கோவுக்கு அருகே பெரெதெல்கினோவில் எழுத்தாளர்களுக்கென்று 1930களில் தாச்சாக் கிராமம் ஒன்றே உருவானது. போரிஸ் பாஸ்டர்நாக் அங்கேதான் 'டாக்டர் ஷிவாகோ'வை எழுதினார். அங்கேதான் தன் கையால் உருளைக்கிழங்கும் பயிரிட்டார். நாவலிலும் ஷிவாகோ குடும்பம் புரட்சிக் காலப் பஞ்சத்துக்குத் தப்பி, வரிகினோ என்ற இடத்தில் உருளைக்கிழங்கு நட்டுப் பிழைக்கிறது. இந்த அரசுத் தாச்சாக்கள் யாருக்கும் சொந்தமில்லை. பதவி போனால் தாச்சாவும் போய்விடும்.

சதுக்கத்தில் முட்டைக்கோஸ்

தாச்சாவைச் சாமானியர்களின் கைக்குக் கொண்டுவந்தது பசி.

1941 செப்டம்பரில் ஜெர்மானியப் படை லெனின்கிராடை முற்றுகையிட்டது. அந்தக் குளிர்காலத்தில் லட்சக்கணக்கானவர்கள் பட்டினியால் செத்தார்கள். நகரின் நடுவே புனித ஐசக் சதுக்கத்தில், நிகொலாய் வவிலோவ் உலகமெங்கும் சுற்றிச் சேகரித்த விதைகளின் களஞ்சியம் இருந்தது. நெல், கோதுமை, நிலக்கடலை எல்லாம் அங்கே உண்டு. விதைகளைத் தின்னாமல் காத்த விஞ்ஞானிகள் பலர் பசியிலேயே இறந்தார்கள். வவிலோவோ தன் சொந்த அரசின் கைதியாக, 1943 ஜனவரியில் சரத்தோவ் சிறையில் இறந்தார்.

1942 வசந்தம் வந்ததும் நகரமே மண்ணைக் கொத்த ஆரம்பித்தது. பூங்காக்கள், முற்றங்கள், சாலையோரங்கள் என்று எதையும் விடவில்லை. அதே ஐசக் சதுக்கத்தில், பேராலயத்தின் முன்னால் பெண்கள் முட்டைக்கோஸ் பயிரிட்டு நிற்கும் புகைப்படங்கள் இன்றைக்கும் இருக்கின்றன. பின்னால் பேராலயத்தின் கம்பீரம், முன்னால் வரிசை வரிசையாக முட்டைக்கோஸ்.

1942 ஏப்ரலில் நாடு முழுவதும் தொழிலாளிகளுக்குக் காய்கறித் தோட்டத்துக்கான நிலம் ஒதுக்கச் சொல்லி அரசு ஆணை வந்தது. 1944இல் அப்படித் தோட்டம் போட்டவர்கள் ஒன்றரைக் கோடிக்கும் மேல். பத்துப் பதினைந்து வருடம் முன்னால் விவசாயியின் நிலத்தைப் பிடுங்கிக் கூட்டுப்பண்ணையில் சேர்த்த அதே அரசு இது. தன் பண்ணைகளால் நகரத்துக்குச் சோறு போட முடியாது என்று ஆனதும், ஆலைத் தொழிலாளியின் கையில் மண்வெட்டியைக் கொடுத்தது.

அறுநூறு சதுர மீட்டர்

போர் முடிந்தும் பசி முடியவில்லை. 1949 பிப்ரவரியில் வந்த ஆணை, தொழிலாளிகளுக்கு நகருக்குள் 600 சதுர மீட்டர் வரையும், நகருக்கு வெளியே 1200 சதுர மீட்டர் வரையும் தோட்ட நிலம் கொடுக்கலாம் என்றது. நடைமுறையில் நிலைத்துப்போனது 600தான். நூறு சதுர மீட்டர் ஒரு சோத்கா. ஆக, ஆறு சோத்கா. நம்ம கணக்கில் ஏறக்குறைய 15 சென்ட். ரஷ்ய மொழியில் "ஆறு சோத்கா" என்றாலே தாச்சா என்று எல்லோருக்கும் புரியும்.

நிலம் அரசுடையதுதான், உபயோகிக்கும் உரிமை மட்டும் தொழிலாளிக்கு. பெரும்பாலும் கூட்டுப்பண்ணைக்கு ஆகாத சதுப்பும், மரம் வெட்டிய காடும்தான் கிடைக்கும். வேரைப் பிடுங்கி, கால்வாய் வெட்டி, மூட்டை மூட்டையாக எருவும் மணலும் சுமந்துதான் அதை மண்ணாக்க வேண்டும். வீடு கட்டுவதற்கும் கெடுபிடி. 1960களின் விதிப்படி கோடைக்கு மட்டும் உதவும் சின்னக் குடில். 25 சதுர மீட்டருக்கு மேல் போகக்கூடாது. மாடி கூடாது. மக்கள் சும்மா இருப்பார்களா? கூரையைச் செங்குத்தாக உயர்த்தி, அதற்குள் ஒரு பரணை அமைத்து, அதில் நாலு பேர் தூங்கினார்கள். காகிதத்தில் அது மாடி இல்லை, கூரை!

தனிநபர் தோட்டங்களையும் மாடுகளையும் ஒடுக்கியவர்களில் முக்கியமானவர் நிகிதா குருஷ்சேவ். 1964 அக்டோபரில் அவர் கருங்கடலோரம் பித்சுந்தாவில் விடுமுறையில் இருந்தபோதுதான் மாஸ்கோவுக்கு அழைத்துப் பதவியைப் பறித்தார்கள். மீதிக் காலத்தை ஒரு தாச்சாவில், தக்காளி வளர்த்துக் கழித்தார்.

1967இல் வாரத்துக்கு ஐந்து நாள் வேலை என்று ஆனது. ஞாயிறோடு சனியும் விடுமுறை. சட்டத்தின் பார்வையில் அது கூடுதல் ஓய்வு. வெள்ளிக்கிழமை மாலை ரயிலில் ஏறிய கூட்டத்துக்கு அது கூடுதலாக ஒரு நாள் தோட்ட வேலை.

பாட்டியின் கோடை

தாச்சாவின் வருடம் பிப்ரவரியிலேயே தொடங்கிவிடும். வெளியே பனி கொட்டும்போது, அடுக்குமாடி வீட்டின் ஜன்னல் திண்டில் தக்காளி விதை முளைக்கும். பிர்ச் மரத்தின் இலை கோபெக் நாணயம் அளவு வந்தால் உருளைக்கிழங்கு நடலாம் என்பது வழக்கு. ஜூனில் களை, ஜூலையில் உருளைச் செடியின் கொலராடோ வண்டை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தகர டப்பாவில் போடுவது, ஆகஸ்டில் வெள்ளரிக்காய் மூட்டை மூட்டையாக. மூன்று லிட்டர் கண்ணாடி ஜாடியில் வெள்ளரியும் பூண்டும் சோயிக்கீரையும் கருந்திராட்சை இலையும் போட்டு உப்புநீர் ஊற்றி மூடினால், குளிர்காலம் தாங்கும்.

இதையெல்லாம் செய்தது யார்? சோவியத் பெண்களுக்கு 55 வயதில் ஓய்வூதியம். பள்ளிக்கு ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் விடுமுறை. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாட்டி மே மாதம் கிளம்பினால் செப்டம்பரில்தான் திரும்புவாள். பிள்ளைகளுக்கு அது ஆறும் காடும் சைக்கிளுமாகச் சொர்க்கம். பெற்றோருக்கு நிம்மதி. பாட்டிக்கு? வாழ்நாள் முழுக்க ஆலையில் நின்றவளுக்கு, ஓய்வுக்காலத்தில் இன்னொரு வேலை.

ஆனால் இதை வெறும் சுரண்டல் என்று மட்டும் முடித்துவிட முடியாது. நகரத்தில் ஒரே வீட்டின் அறைகளில் பல குடும்பங்கள், பொதுச் சமையலறை, பொதுக் கழிப்பறை. வேலையிடத்தில் இலக்கு, கூட்டம், மேற்பார்வை. அந்த ஆறு சோத்காவில் மட்டும்தான் எந்தப் பாத்தியில் எதைப் போடுவது என்று யாரும் உத்தரவு போடவில்லை. புத்யோவ்கா ஓய்வு சுகமானது, ஆனால் அடுத்தவர் வகுத்தது. தாச்சா உழைப்பு கடுமையானது, ஆனால் தனது. இடுப்பொடியக் கொத்திவிட்டும் "ஓய்வெடுத்துவிட்டு வந்தேன்" என்று அவர்கள் சொன்னது பொய்யில்லை.

1992

சோவியத் ஒன்றியம் 1991 டிசம்பரில் முடிந்தது. 1992 ஜனவரி 2 அன்று விலைக் கட்டுப்பாடுகள் நீக்கப்பட்டன. அந்த ஒரு வருடத்தில் மட்டும் விலைவாசி சுமார் 26 மடங்கு ஏறியது. வாழ்நாள் சேமிப்பு காகிதமானது. பல ஆலைகளில் மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை. சில இடங்களில் சம்பளத்துக்குப் பதில் அந்த ஆலையின் சரக்கையே கொடுத்தார்கள்.

ஓய்வு என்று பெயர் வைத்திருந்த நிலம் அப்போது உணவானது. 1990களின் பிற்பகுதியில் ரஷ்யாவில் விளைந்த உருளைக்கிழங்கில் பத்தில் ஒன்பது பங்கு இப்படிப்பட்ட வீட்டுத் தோட்டங்களிலிருந்து வந்தது. காய்கறியில் முக்கால் பங்கு. கிராமத்து வீட்டுக்கொல்லைகளும் சேர்ந்த கணக்கு இது. ஆயிரக்கணக்கான ஹெக்டேர் கொண்ட பெரும்பண்ணைகள் தடுமாறி நின்றபோது, மண்வெட்டியும் ஜாடியும் வைத்திருந்தவர்கள் ஒரு நாட்டின் தட்டில் கிழங்கு வைத்தார்கள்.

இதை வீரகதையாகச் சொல்வது சுலபம். ஆனால் எல்லோரிடமும் தாச்சா இல்லை. ரயில் கட்டணம், விதை, கருவி, உடம்பில் தெம்பு, கூட வேலை செய்ய ஆள் என்று எல்லாம் வேண்டும். ஏழையிலும் ஏழைக்கு, தனியாக இருந்த முதியவருக்கு, அது எட்டவில்லை. உழைப்புக்குக் கூலி போட்டுக் கணக்குப் பார்த்தால் தாச்சாக் கிழங்கு சந்தைக் கிழங்கைவிட விலை அதிகம் என்றும் சொல்லலாம். சம்பளமே வராத மாதத்தில் யார் அந்தக் கணக்கைப் போடுவார்கள்?

1942, 1949, 1992 என்று மூன்று வருடங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. அரசால் சோறு போட முடியாத ஒவ்வொரு முறையும் மக்கள் தங்கள் ஓய்வு நேரத்தைக் கொடுத்து அந்தக் கடனை அடைத்தார்கள். கொடுக்கப்பட்டது என்ற பெயர் நிலத்துக்கு. உண்மையில் கொடுத்தவர்கள் யார்?

இன்று மாஸ்கோவின் இளைஞர்கள் பலர் தாத்தாவின் உருளைக்கிழங்குப் பாத்தியைப் புல்தரையாக்கிவிட்டு, இறைச்சி சுடும் அடுப்பும் ஊஞ்சலும் போட்டிருக்கிறார்கள். பாட்டிகளுக்கு அதில் வருத்தம். ஆனால் தோட்டம் போடாமலிருக்க முடிவதும் ஒரு சுதந்திரம்தானே. அந்தப் பாட்டிகளுக்கு அது வாய்க்கவில்லை.

இதற்கிடையில் சட்டமும் மாறியது. 2019 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்த ரஷ்யச் சட்டம் இவ்வகை நிலங்களை இரண்டாக மட்டுமே பிரிக்கிறது: பழத்தோட்ட நிலம், காய்கறித் தோட்ட நிலம். தாச்சா என்ற தனி வகை அதில் இல்லை. மக்கள் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை மாலை எங்கே என்று கேட்டால் இன்றைக்கும் அதே சொல்லைத்தான் சொல்கிறார்கள்.