மனித உருவம் வரையக் கற்ற வின்சென்ட்

நம் தோட்டப் பள்ளிகளில் ஒரு பையனிடம், பால்மரம் சீவும் அப்பாவை வரையச் சொன்னால், மரம் நன்றாகவே வந்துவிடும். அப்பா தீக்குச்சிபோல் நிற்பார். பையனைக் குறை கூறுவதற்கில்லை. ஆசிரியப் பயிற்சியில் குடமும் பெட்டியும் வரையப் பழகினோமேயன்றி, ஆள் வரைய எங்களுக்கும் எவரும் கற்பிக்கவில்லை.

டச்சு ஓவியர் வின்சென்ட் வான் கோ (1853–1890) இவ்விடர்ப்பாட்டோடு பத்தாண்டுகள் போராடியவர். ஓவியராவதெனத் துணிந்தபோது அவருக்கு வயது 27. சமய ஊழியப் பணியை இழந்து, பெல்ஜிய நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் குவெம் என்னும் சிற்றூரில் இருந்தார். ஷார்ல் பார்க் என்பவரின் கரிக்கோல் பயிற்சித் தாள்கள் அறுபதையும் 1880-இல் அங்கே ஒன்று விடாமல் படியெடுத்தார். உடலின் வளைவுகளை முதலில் நேர்கோடுகளாக்கிக் காணும் முறை அது. அதனை வெளியிட்ட கூப்பில் நிறுவனமே 1876-இல் அவரை வேலையிலிருந்து நீக்கியது என்பதையும் இங்கே நினைக்கலாம்.

ஹேக் நகரில் உறவினர் மௌவே அவருக்கு ஓவியம் பயிற்றினார். ஆனால் களிக்கல் வார்ப்புக் கைகால்களைப் பார்த்து வரையச் சொன்னபோது சினம் மூண்டது. 1882-இல் வின்சென்ட் அவற்றைக் கரித்தொட்டியில் எறிந்து உடைத்தார். உயிருள்ள மனிதர் இருக்க வார்ப்பு எதற்கு என்பது அவர் எண்ணம். தம்பி தியோ அனுப்பிய பணத்தில் பெரும்பகுதி, எதிரே அமர்ந்திருக்கும் ஏழைகளுக்குக் கூலியாகப் போயிற்று. இவர் வயிறு காய்ந்தது. கொல்லரையும் தச்சரையும் கொண்டு, கம்பிகள் குறுக்கும் நெடுக்கும் ஓடும் சட்டம் ஒன்றும் செய்வித்தார். அதனூடே நோக்கினால் அருகிலுள்ளதும் தொலைவிலுள்ளதும் தத்தம் அளவில் தெரியும்.

1885-இல் 'உருளைக்கிழங்கு உண்போர்' ஓவியத்தின் கல்லச்சுப் படியைக் கண்ட நண்பர் ரப்பார்டு, அதிலுள்ள ஓர் ஆளுக்கு முழங்காலும் வயிறும் நுரையீரலும் இல்லையே என்று கடிந்து எழுதினார். வின்சென்ட் அக்கடிதத்தைத் திருப்பியனுப்பினார். நட்பு முறிந்தது. அளவு பிசகாத உழவன் மண்வெட்டுபவனாகத் தோன்றவில்லையெனில் அந்த அளவினால் பயனென்ன என்னும் கருத்துப்படத் தம்பிக்கு எழுதினார். இதில் என் மனம் வின்சென்ட் பக்கமே சாய்கிறது. ஆயினும் ரப்பார்டு கண்ட குறை பொய்யென்று சொல்லமாட்டேன்.

வின்சென்டே அதை உணர்ந்திருக்கவேண்டும். 1886-இல் ஆண்ட்வெர்ப் ஓவியக் கழகத்தில் சேர்ந்து, உடைத்தெறிந்த அதே வகை வார்ப்புகளின் முன் அமர்ந்தார். வீனஸ் சிலையை அவர் அகன்ற இடுப்புடைய நாட்டுப்புறப் பெண்ணாக வரைந்ததும், ஆசிரியர் தாளையே கிழிக்கும்படி திருத்தியதும் உடன்பயின்றோர் நினைவுகளில் உள்ளன. கழகத்தார் அவரைத் தொடக்க வகுப்புக்கு இறக்கத் தீர்மானித்தனர். அதற்குள் அவர் பாரிசு சென்றுவிட்டார்.

புகழ்பெற்ற ஓவியங்கள் பலவற்றைத் தீட்டி முடித்தபின், 1890-இல் ஓவேர் என்னும் ஊரிலிருந்து தம்பிக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார்: பார்க்கின் பயிற்சித் தாள்கள் வேண்டும், அறுபதையும் மீண்டும் வரையவேண்டும். ஜூலை 29-இல், தம் 37-ஆம் வயதில், அவர் மறைந்தார்.