வெயிலுக்குப் பழகிய ரோஜா

திருச்சிராப்பள்ளி நத்ஹர்வலி தர்காவின் பூப்போர்வையிலும், காவிரிக்கு அப்பால் ஸ்ரீரங்கத்துப் பூக்கடைகளில் தொடுக்கப்படும் மாலைகளிலும் இளஞ்சிவப்புப் பன்னீர் ரோஜா மணக்கிறது. நம் நிக்காஹ் மாலைகளுக்கும் மணம் தருவது அதுவே. இம்மண்ணிலேயே பிறந்த மலரென்று நாம் எண்ணும் இது, உண்மையில் இரு தொலைதூர இனங்களின் பிள்ளை.

அவற்றுள் ஒன்று மேற்காசியாவின் டமாஸ்க் ரோஜா. அதனை வடித்துப் பன்னீர் எடுக்கும் கலையை முஸ்லிம் அறிஞர்கள் செம்மைப்படுத்தினர். 9ஆம் நூற்றாண்டில் அல்கிந்தி நறுமணப் பொருள்களை வடித்தெடுத்தல் குறித்துத் தனி நூலே இயற்றினார். எனினும் டமாஸ்க் மணத்தில் சிறந்ததேயன்றி, ஆண்டு முழுவதும் பூப்பதன்று. மற்றொன்றான சீன ரோஜாவோ மணம் குறைந்தது. ஆனால் வெப்பநாடுகளிலும் ஓயாது பூப்பது.

இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவில் வேலிச் செடிகளாக நடப்பட்டிருந்த இவ்விரண்டும் தாமே கலந்தன. 1817இல் அங்கு வந்த தாவரவியலார் பிரெயோன் அக்கலப்பின் விதைகளைப் பிரான்சுக்கு அனுப்பினார். அத்தீவின் பழம்பெயரால் இவ்வினம் ‘போர்பன்’ எனப்பட்டது. நம் உழவர் ‘எட்வர்டு’ என்றழைக்கும் பன்னீர் ரோஜாவும் இக்குடும்பத்ததே.

பின்வந்த ஐரோப்பியக் கலப்பினங்கள் குளிர்நாட்டுக்கென்றே தெரிந்தெடுக்கப்பட்டவை. ஆகவேதான் நாற்றங்காலில் அழகுறப் பூத்த செடி, திருச்சியின் 40 பாகை வெயிலில் நம் மாடியில் கருகுகிறது. வளர்த்தவர் தம் கைராசியை நொந்துகொள்வது முறையன்று. குறை செடியின் மரபில் உள்ளது.

அம்மரபை மாற்றுவதற்குக் காட்டு ரோஜாக்களே துணை. கனடாவின் ஒட்டாவாவில் ஃபெலிசிடாஸ் ஸ்வெஜ்டா 1961 முதல், கிழக்காசியக் கடலோர ரோஜாவைக் கலந்து கடும்பனி தாங்கும் வகைகளை உருவாக்கினார். நம் கொடைக்கானலில் எம்.எஸ். வீரராகவன் எதிர்த்திசையில் பயணித்தார். இந்திய ஆட்சிப் பணியிலிருந்து முன்னதாகவே விலகிய அவர், துணைவியார் கிரிஜாவுடன் தம் இல்லத் தோட்டத்தில் வெப்பநாட்டு ரோஜாக்களை உருவாக்கினார். வங்காளத்து ஈரநிலங்களில் வளரும் கிளினோஃபில்லாவும், மணிப்பூர் மலைகளின் ஜைஜாண்டியாவும் அவர் தேர்ந்த காட்டினங்கள். தாம் உருவாக்கிய மலரொன்றுக்குத் தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாளின் பெயரைச் சூட்டினர் அத்தம்பதியர்.

இப்பணி நம் இல்லங்களிலும் இயலும். வெயிலில் வாடாத செடியையே தாயாகக் கொள்க. மொட்டு விரியுமுன் இதழ்களையும் மகரந்தப்பைகளையும் நீக்கி, மறுநாள் மற்றொரு செடியின் மகரந்தத்தைத் தூரிகையால் சூல்முடியில் தடவிக் காகித உறையிடுக. மூன்று, நான்கு மாதங்களில் காய் பழுக்கும். குளிர்நாட்டு மரபுடைய விதைகள் பல, ஒரு குளிர்காலத்தைக் கடந்தாலன்றி எளிதில் முளைப்பதில்லை. பனி காணாத நம் ஊரில் ஈரமணலில் பொதிந்து, சில வாரங்கள் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் அக்குறை தீரும்.

முளைத்தவற்றுள் பெரும்பாலானவை தேறா. கத்திரி வெயிலைத் தாங்கித் தளிர்க்கும் ஒன்றிரண்டையே பேண வேண்டும். அதற்குச் சில ஆண்டுகளேனும் ஆகும். செடி நட்டுப் பயன் தருவதையும் தருமமாகக் கற்பித்த மார்க்கம் நம்முடையது. இன்ஷா அல்லாஹ், வரும் தலைமுறையின் நிக்காஹ் மாலையில் நம் வீட்டு மாடியில் பிறந்த ரோஜாவும் மணக்கட்டும்.